நானூற்றுப் பதினான்காவது துண்டு

கிளிஞ்சல்புரத்தில் அறிவாளிகள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. இது அந்த ஊர்ப் பொம்மைக் கப்பல் சங்கத்தைப் பற்றியது. சங்கத்தில் மொத்தம் மூன்று பேர்: ஒரு தலைவர், ஒரு உபதலைவர், ஒரு செயலாளர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது.

தலைவர் கோயில்பிள்ளை, முப்பத்தோரு வருஷம் உப்பளத்தில் மூட்டை எண்ணியவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் வாய் சும்மா இருக்காது. கோயில் பீடத்தில் மெழுகுவர்த்தி, இட்லித் தட்டில் குழி, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் தும்மல், எல்லாவற்றையும் எண்ணிவிடுவார். உபதலைவர் சந்தியாகு வலை முடைகிறவர். யோசிக்காமல் எதையும் செய்யமாட்டார். யோசித்த பிறகும் செய்யமாட்டார். செயலாளர் இசக்கிக்கு ஐஸ் பேக்டரியில் வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்வார். மூவரில் ஆபத்தானவர் இவர்தான்.

சங்கம் இதற்கு முன் இரண்டு கப்பல் செய்திருந்தது. முதலாவது, முடிந்தபோது லாரி போல இருந்தது. இரண்டாவது லாரி போலக்கூட இல்லை.

இந்த நிலைமையில் சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன், கோயில்பிள்ளைக்கு ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே ஒரு முழுப் போர்க்கப்பல், பிளாஸ்டிக் துண்டு துண்டாக. அதே வாரம் ஊர் வாசகசாலையில் இருந்த கண்ணாடி அலமாரி காலியாயிற்று. அதிலிருந்த புத்தகங்களைக் கறையான் வாசித்து முடித்திருந்தது. அலமாரி தங்களுக்கு வேண்டும் என்று கேரம் சங்கச் செயலாளர் மச்சாது கேட்டார். அவர்களிடம் பதினோரு கோப்பைகள் இருந்தன. கோயில்பிள்ளையும் கேட்டார்.

வாசகசாலைத் தலைவர் கொரைரா நியாயமானவர். "ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள முழுக் கப்பலாச் செஞ்சு காட்டுங்க. அலமாரி உங்களுக்கு. ஒரு துண்டு குறைஞ்சாலும் கேரம் சங்கத்துக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

கோயில்பிள்ளை அன்று வீட்டுக்கு நடந்த அடிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவ்வளவு அடியிலும் அவருக்கு ஒரே நினைப்பு. முப்பத்தோரு வருஷம் ஊரார் மூட்டையை எண்ணியாயிற்று. தன் கையால் செய்த சாமான் ஒன்று, ஒன்றே ஒன்று, கண்ணாடிக்குள் நின்று நாலு பேர் பார்க்க வேண்டும்.

மறுநாள் சங்கம் வாசகசாலையில் கூடியது. பெட்டியின் மேல் 1:350 என்று அளவு விகிதம் அச்சடித்திருந்தது. கோயில்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒண்ணுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"போயிட்டு வாரும் அண்ணாச்சி, பெட்டிய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் இசக்கி.

கோயில்பிள்ளைக்குக் கூச்சமாகிவிட்டது. மறுத்துப் பேசத் தெரியாமல் போய்விட்டு வந்தார். வந்து மறுபடி வாசித்தார். "ஒண்ணுக்கு முந்நூத்தம்பது."

"முந்நூத்தம்பது தடவையா?" இசக்கி பதறிப்போனார். "அண்ணாச்சி, கப்பல் கிடக்கட்டும். முதல்ல டாக்டரப் பாரும்."

பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாள் இங்கிலீஷில் இருந்தது. லூர்தம்மாள் டீச்சர் அதை நாலு குறிப்பாகத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு, மகளைப் பார்க்கக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர் மட்டும் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதை அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

முதல் குறிப்பு: 'எல்லாத் துண்டுகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கவும்.'

கோயில்பிள்ளை எண்ணினார். நானூற்றுப் பதினான்கு. பெட்டியிலும் அப்படியே போட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சந்தியாகு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"என்னவே, தூங்குதீரா?"

"எண்ணிப் பாக்கேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"டீச்சர் வெறுமன 'எண்ணவும்'னு எழுதலியே. 'எண்ணிப் பார்க்கவும்'னுலா எழுதியிருக்காவ. அப்படின்னா மனசுல போட்டு யோசிக்கணும். எங்க அம்மை என்னயப் பாத்து 'கொஞ்சமாச்சும் எண்ணிப் பாருல'ன்னு தலையில அடிச்சுக்கிட்டாள்லா? உப்பு மூட்டையவா எண்ணச் சொன்னா?"

வாக்கெடுப்பு நடந்தது. எண்ணுவதற்கு ஒரு ஓட்டு, யோசிப்பதற்கு ஒரு ஓட்டு. இசக்கி இரண்டு பேரும் வேண்டியவர்கள் என்று இரண்டுக்கும் போட்டார். ஆகவே கோயில்பிள்ளை ஒவ்வொரு துண்டாக எண்ணிக் கொடுக்க, சந்தியாகு ஒவ்வொன்றைப் பற்றியும் யோசித்துக் கீழே வைத்தார். ஒன்பது நாள் ஆயிற்று. அரிசிமணி அளவு இருந்த நங்கூரத்துக்கு மட்டும் ஒரு முழுப் பகல். "கடலுக்குள்ள கிடக்க வேண்டியது. மேசையில கிடக்கு பாரும்" என்று சந்தியாகு கண் கலங்கினார்.

இரண்டாவது குறிப்பு: 'பசை தடவி, ஒட்டும் வரை கையால் அழுத்திப் பிடிக்கவும்.'

இசக்கி கப்பலின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தார். ஒட்டியது. பிடித்தபடியே இருந்தார்.

"ஒட்டிட்டே, விடு" என்றார் கோயில்பிள்ளை.

"பிடிக்கச் சொல்லியிருக்கு. விடச் சொல்லலியே அண்ணாச்சி."

வாசித்துப் பார்த்தார்கள். உண்மைதான், சொல்லவில்லை. இசக்கி இரண்டு நாள் கப்பலோடு ஐஸ் பேக்டரிக்குப் போய்வந்தார். அவர் சம்சாரம் சோறு ஊட்டிவிட்டாள். மூன்றாம் நாள், "வாரியலால ஒண்ணு போட்டா விடுவீரா?" என்று அவள் விளக்குமாற்றை ஓங்கிக் கேட்ட பிறகுதான் விட்டார். அதற்குப் பிறகு மிச்சத் துண்டுகளை ஒட்டும் வேலையைக் கோயில்பிள்ளை ஒரு வாரத்தில் முடித்தார். நங்கூரத்தை மட்டும் நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

மூன்றாவது குறிப்பு: 'நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பகுதிக்குச் சிவப்பு அடிக்கவும்.'

இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது.

"நீர்மட்டம் எங்க இருக்கு?" என்றார் சந்தியாகு.

"கடல்ல."

"கடல் எங்க இருக்கு?"

கோயில்பிள்ளைக்கு எண் என்றால் மறக்காது. "நம்ம ரயில்வே ஸ்டேஷன் போர்டுல போட்டிருக்கு. கடல் மட்டத்துக்கு மேல நாலு மீட்டர். மேசை முக்கால் மீட்டர். அப்போ நீர்மட்டம் இங்கயிருந்து நாலே முக்கால் மீட்டர் கீழ இருக்கு."

மூவரும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். சிமென்ட் தரைதான் தெரிந்தது.

"கிணறு!" என்றார் சந்தியாகு. மூன்று வாரத்தில் அவர் சொன்ன முதல் உபயோகமான வார்த்தை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

வாசகசாலைக்குப் பின்னால் ஒரு வறண்ட கிணறு. ஆறு மீட்டர் ஆழம். இசக்கியின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மடியில் கப்பலையும் கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் கொடுத்து, அளந்து ஐந்து மீட்டர் இறக்கினார்கள். இசக்கி சுற்றுமுற்றும் பார்த்தார். கப்பல் முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. முழுவதும் அடித்தார். அடிப்பாகம், மேல்தளம், ஆறு பீரங்கி, கொடிமரம், ஒன்று விடவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தார். அவரும் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருந்தார். பாதத்திலிருந்து ஆரம்பித்து முழங்கால் வரை அடிப்பதற்குள் டப்பா தீர்ந்துவிட்டது.

இசக்கி மேலே வந்ததும் கோயில்பிள்ளை கப்பலை எண்ணினார். நானூற்றுப் பதின்மூன்று. மறுபடி எண்ணினார். நானூற்றுப் பதின்மூன்று.

"இசக்கி, நங்கூரம் எங்கடே?"

"போட்டுட்டேன்."

"எங்க போட்டே?"

"கயித்துல தொங்கினா கப்பல் ஆடுது அண்ணாச்சி. ஆடுற கப்பலுக்கு நங்கூரம் போடணும்லா? போட்டேன். அப்புறம் ஆடவே இல்ல."

"சரி, எடுத்துட்டு வரவேண்டியதுதான?"

"எடுத்தா கப்பல் போயிருமே!"

இசக்கியைத் திரும்ப இறக்கி அரை நாள் மண்ணைச் சலித்தார்கள். ஒரு செருப்பு, இரண்டு உடைந்த வாளி, கேரம் சங்கத்தார் நாலு வருஷமாகத் தேடும் சிவப்புக் காய் ஆகியவை கிடைத்தன. நங்கூரம் கிடைக்கவில்லை. கிடைத்தவை நங்கூரம் இல்லை என்பதால் அவற்றை நேர்மையாகக் கிணற்றிலேயே போட்டுவிட்டார்கள்.

கோயில்பிள்ளை இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஒரு துண்டு குறைந்தாலும் அலமாரி இல்லை. ஆகஸ்ட் பதினைந்துக்கு இன்னும் ஐந்து நாள்.

நாலாவது குறிப்பு: 'மேல் பகுதி முழுவதும் சாம்பல் பூசவும். போர்க்கப்பல் எதிரியின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கவே இது.'

"முடியாது" என்றார் சந்தியாகு. "சாம்பல் புதன் போன பிப்ரவரியிலயே முடிஞ்சு போச்சு. இனி அடுத்த வருஷந்தான்."

"எங்கள்ல புதன், வியாழன்னு கணக்கே கிடையாது. குளிச்சா பூசிக்கிடுவோம்" என்றார் இசக்கி.

"கப்பல் குளிச்சுதா?"

"கிணத்துக்குள்ள போயிட்டு வந்துச்சுல்லா?"

நியாயமாகப் பட்டது. டீக்கடை அடுப்பிலிருந்து ஒரு படி சாம்பல் வந்தது. புகைபோக்கியில் இசக்கி மூன்று பட்டை இழுத்தார். முன்னால் சந்தியாகு ஒரு சிலுவை போட்டார். மிச்சத்தைக் கப்பல் மேல் கொட்டிப் பரப்பினார்கள். ஒட்டியது ஒட்டியது. ஒட்டாதது மேலே குவிந்து கிடந்தது.

ஆகஸ்ட் பதினைந்து. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் கொரைரா கப்பலைப் பார்க்க வந்தார். கூடவே டேப்போடு மச்சாது. அவர் ஏற்கெனவே இரண்டு தடவை அலமாரியை அளந்திருந்தார்.

"கப்பலா, இல்ல அடுப்பா?" என்றார் மச்சாது. பிறகு பெட்டியிலிருந்த படத்தையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓய் கோயில்பிள்ளை, படத்துல நங்கூரம் இருக்கே. இதுல எங்கவே?"

எண்ணிக்கையில் கோயில்பிள்ளை பொய் சொன்னதே இல்லை. "போட்டாச்சு" என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

"போட்டாச்சா? நான் பாக்கேன்." மச்சாது மூக்கு கொடிமரத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

கோயில்பிள்ளைக்கு வேர்க்கிறதே என்று இசக்கி அந்த நேரம் பார்த்து மின்விசிறியை ஐந்தில் வைத்தார்.

ஒரு படி சாம்பலும் எழும்பியது. "ஐயோ! கண்ணு! எனக்கு ஒண்ணுமே தெரியலையே!" என்று மச்சாது அலறினார்.

சந்தியாகு டீச்சர் எழுதிய தாளை எடுத்து, நாலாவது குறிப்பில் விரலை வைத்துக் கொரைராவிடம் நீட்டினார். கொரைரா தலையில் விழுந்த சாம்பலைத் தட்டிக்கொண்டே இரண்டு தடவை வாசித்தார்.

"மச்சாது, கப்பல் தெரியுதா?"

"எதுவுமே தெரியல!"

"போர்க்கப்பல் தன் வேலையச் சரியாச் செஞ்சிருக்கு" என்றார் கொரைரா. "நங்கூரமும் போட்டாச்சுங்கிறாரு. அலமாரி இவங்களுக்கு."

கப்பல் கண்ணாடிக்குள் ஏறியது. முதல் நாள் பார்க்க வந்தவர்கள் முப்பத்தேழு பேர். ஆனால் கோயில்பிள்ளை தினமும் காலையில் வந்து எண்ணுவார், நானூற்றுப் பதின்மூன்று வரும், முகம் வாடித் திரும்புவார்.

நாலாம் நாள் மச்சாதுவுக்குக் கண் சரியாகிவிட்டது. அலமாரி முன்னால் வந்து நின்று, "நல்லாத் தெரியுதே!" என்றார்.

சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. எதிரி பார்த்துவிட்டான். பெட்டிக்குள் சாம்பல் நிறப் பெயிண்ட் டப்பா ஒன்று சும்மா கிடந்தது. எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று மூவருக்கும் ஆரம்பத்திலிருந்தே விளங்கவில்லை. இப்போது விளங்கியது. அலமாரியின் நாலு பக்கக் கண்ணாடிக்கும் கனமாக அடித்தார்கள். மச்சாது வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை கோயில்பிள்ளை எண்ண வந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"கண்ண மூடும்" என்றார் சந்தியாகு. "எண்ணிப் பாரும்."

கோயில்பிள்ளை கண்ணை மூடினார். அடிப்பாகத்தில் ஆரம்பித்தார். மேல்தளம், ஆறு பீரங்கி, புகைபோக்கி, கொடிமரம். நானூற்றுப் பதின்மூன்று. கண்ணைத் திறக்காமலே, நின்ற இடத்தில் நின்றபடி, வாசகசாலைக்குப் பின்னால் போய்க் கிணற்றில் இறங்கினார்.

"நானூத்திப் பதினாலு!" என்று கண்ணை மூடியபடியே கூவினார். "சரியா இருக்குவே! சரியா இருக்கு!"

சந்தியாகு தானும் ஒருமுறை கண்ணை மூடிச் சரிபார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "எனக்கு நானூத்திப் பதினஞ்சு வருதே."

ஒன்று அதிகம். கோயில்பிள்ளைக்கு அடுத்தவர் சாமான் ஆகாது. 'கூடுதலாக ஒரு துண்டு எண்ணப்பட்டிருக்கிறது. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்' என்று அன்றே அறிவிப்பு ஒட்டினார்கள்.

மச்சாது வந்தார். "வட்டமா இருக்குமா?" என்று கேட்டார். சந்தியாகு கண்ணை மூடிப் பார்த்து, ஆமாம் என்றார். "சிவப்பா?" ஆமாம். "நாலு வருஷமாத் தேடுதோம் ஓய், எங்க காய்தான்!"

அடையாளம் சரியாக இருந்ததால் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புக் காயை எடுத்துக் கொடுத்தார்கள். மச்சாதுவும் கண்ணை மூடி, இரண்டு கையாலும் வாங்கி, பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.