‘ஆனா’வுக்கு அப்புறம்

“நீங்க தட்டின தட்டுலதான் எம்புள்ள வாய மூடிக்கிட்டா. எனக்கு டி.சி. வேணும்.”

தன்ஷிகாவின் அம்மா முத்தழகு இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். ஓர் எழுத்து மாறவில்லை.

“இப்படிச் சொன்னா அடிச்சேன்னு ஊரே நினைக்கும்,” என்றாள் ஜெசிந்தா மிஸ். “கை தட்டினேன்மா. கை! பாராட்டி!”

“எதால தட்டினா என்ன? மூடிக்கிட்டாளா இல்லையா?”

தலைமை ஆசிரியை சிஸ்டர் அமலி டி.சி. படிவத்தை மேசைமேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, எழுதாமல் உட்கார்ந்திருந்தார். எழுதுவதென்றால் எழுதணும், இல்லாவிட்டால் மூடணும். திறந்த பேனாவைப் பார்க்கப் பார்க்க ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

தன்ஷிகா அம்மாவின் முதுகுக்குப் பின்னால், கட்டைப்பையின் காதைப் பிடித்தபடி நின்றாள்.

சிஸ்டருக்கு முப்பத்துநாலு வயது. ஜெசிந்தாவுக்கு நாற்பத்தேழு. இருபது வருஷம் வீட்டை ஆண்டுவிட்டு, பரணிலிருந்த பி.எட். சான்றிதழைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தவள். நாலாம் வகுப்பில் எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது, எப்போது கரும்பலகைப் பக்கம் திரும்புவது, எல்லாம் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான். ‘சின்னப் பொண்ணு’ என்று மனசுக்குள் முனகிக்கொண்டேதான் கற்றுக்கொண்டாள். அதனால் இந்த இரண்டு வருஷத்தில் அவரிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை.

ஜூலையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தாள். வகுப்பு கொண்டாட்டமாக இருந்தால் பிள்ளைகள் தானாகப் படிப்பார்கள் என்று அங்கே சொன்னார்கள். மூன்று விதக் கைதட்டலோடு திரும்பினாள். சுமாரான பதிலுக்கு மழை. நல்ல பதிலுக்கு அப்பளம். ரொம்ப நல்ல பதிலுக்குப் பட்டாசு.

பலன் இல்லாமல் இல்லை. தூங்குமூஞ்சி வகுப்பு கல்யாண வீடு மாதிரி ஆனது. கடைசி பெஞ்சுக்காரர்கள் பதில் சொல்கிறேன் என்று பெஞ்சுமேல் ஏறினார்கள். சிஸ்டரே ஜன்னலோரம் நின்று சிரித்துவிட்டுப் போனதுண்டு.

ஜூனில் இருந்து வாய் திறக்காதவள் தன்ஷிகா ஒருத்திதான். போன செவ்வாய்க்கிழமை அவளும் திறந்தாள்.

“நம்ம வீட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?” என்று ஜெசிந்தா கேட்க, தானாக எழுந்து நின்று, “குழாயிலேர்ந்து மிஸ்,” என்றாள்.

பேசிவிட்டாள்! ஜெசிந்தாவுக்குக் கண்ணே நிறைந்துபோனது. “பட்டாசு!” என்று கூவினாள். நாற்பத்தோரு பிள்ளைகள் கையைத் தட்டி, பெஞ்சைத் தட்டி, ‘டமால்’ என்று கத்தி ஓய ஒரு நிமிஷம் ஆனது.

மறுநாள் தன்ஷிகாவுக்கு வயிற்றுவலி. அதற்கு மறுநாள் தலைவலி. இன்றைக்கு டி.சி.

“பாராட்டினா பிள்ளை மலரும் சிஸ்டர். வாடிப்போச்சுன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?” என்றாள் ஜெசிந்தா. எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

சிஸ்டர் முத்தழகைப் பார்த்தார். “வீட்ல ஏதாவது சொன்னாளா?”

“ஒரே ஒரு தடவ சொன்னா சிஸ்டர். ‘ஆனான்னு ஆரம்பிச்சேன்மா, அதுக்குள்ள தட்டிட்டாங்க’ன்னா. அதோட சரி.”

“ஆனாவா?” ஜெசிந்தா நிமிர்ந்தாள். “அவ ஆனான்னா சொன்னா? எனக்குக் கேக்கலையே.”

“எப்படிக் கேக்கும்?” என்றாள் முத்தழகு.

ஜெசிந்தா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். பிறகு யாரிடமோ கடன் வாங்கியது போன்ற ஒரு சின்னக் குரலில் கேட்டாள்.

“சிஸ்டர்... நான் பண்ணினது தப்பா? சும்மா இருந்திருக்கணுமா? ஆனா...”

சிஸ்டர் சட்டென்று எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். வெளியே, வறண்ட குழாய்க்குக் கீழே வைத்திருந்த வாளியில் கை கழுவ நாலாம் வகுப்பு வரிசையில் நின்றது.

“பிள்ளைங்களா! உங்க மிஸ் இன்னிக்கு மொத மொதலா எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டாங்க! பட்டாசு!”

கேட்க வேண்டுமா? ஈரக்கையோடு தட்டினார்கள். டம்ளரைத் தட்டினார்கள். டிபன் பாக்ஸைத் தட்டினார்கள். எம்பி எம்பி ஜன்னல் வழியே மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டே ‘டமால்’ என்றார்கள். ஜெசிந்தாவின் காது மடல் கொதித்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிரித்துவைத்தாள். அது எப்போது முடியும் என்றிருந்தது.

முடிந்தது. சிஸ்டர் வந்து உட்கார்ந்தார்.

“சொல்லுங்க மிஸ். ஆனான்னீங்களே?”

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். சொல்ல இருந்தது எதுவோ, அது அங்கே இல்லை. மாமியாரையும் கேஸ் சிலிண்டர்காரரையும் இரண்டு நாத்தனார்களையும் ஒரே மூச்சில் அடக்கிய நாக்கு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

முத்தழகுகூட டி.சி.யை மறந்துவிட்டுப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து தன்ஷிகா மெதுவாக வெளியே வந்தாள். அத்தனை பிள்ளைகளில் கை தட்டாதவள் அவள் ஒருத்திதான். மிஸ்ஸின் முகத்தையே பார்த்தாள்.

சிஸ்டர் பேனாவை மூடினார்.

“அவசரமில்ல மிஸ். நான் இங்கதான் இருக்கேன்.”

மின்விசிறி சுற்றியது. ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இஸ்திரி போட்ட காட்டன் சேலை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் தன்ஷிகாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“குழாயிலேர்ந்து வருதுன்னு சொன்னே. அப்புறம் ஆனான்னே. மீதியைச் சொல்றியாம்மா?”

“சொல்லேன்டி...” என்று ஆரம்பித்த முத்தழகைச் சிஸ்டர் கையமர்த்தினார்.

சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்து ஓய்ந்தது. ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை.