நிழல் கேட்டவர்கள்

“இது விண்ணப்பமே இல்லை, சிஸ்டர்” என்றார் சிதம்பரநாதன்.

ஜெசிந்தா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

எட்டுக் கட்டங்கள் உள்ள படிவம். முதல் கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஒரு வரி இருந்தது. ‘சந்தை ரோட்டில் மீன் விற்கும் எங்களுக்கு நிழல் வேண்டும்.’ கீழே ஆறு பெண்களின் கைரேகைகள். மற்றதெல்லாம் வெறுமை.

“என்ன கேட்கிறாங்கன்னு புரியுதா, சார்?”

“புரியுது.”

“அப்ப என்ன குறை?”

“மத்த ஏழு கட்டம்.”

சிதம்பரநாதன் தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெசிந்தா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். முன்பு நர்ஸ். இப்போது அந்தக் கடலோர ஊரில் ஓர் அறக்கட்டளையை நடத்திவந்தார். ஊர்க்காரர்கள் வருடம் முழுக்கப் போடுகிற நன்கொடையை, ஊரிலுள்ள சின்னச் சின்னக் குழுக்களுக்கு உதவித்தொகையாகக் கொடுப்பது அதன் வேலை. சம்பளம் வாங்குகிறவர் அங்கே யாரும் இல்லை. விண்ணப்பம் படிப்பது, நேரில் போய்ப் பார்ப்பது, கூடி முடிவு செய்வது எல்லாமே தொண்டர்கள்தான்.

ஆறு மாதத்துக்கு முன்பு சிதம்பரநாதன் அவரிடம் வந்து நின்றார்.

“காலமெல்லாம் மனு வாங்கி, குறை எழுதித் திருப்பி அனுப்பியே பழகிட்டேன். இனியாவது கொடுக்கப் பழகணும். சொல்லித் தருவீங்களா?”

ஜெசிந்தா ஒரு கட்டு விண்ணப்பங்களை அவர் கையில் கொடுத்தார்.

இன்று அந்தப் படிவத்தை அவரிடமே திருப்பி நீட்டினார்.

“வெள்ளிக்கிழமை கூட்டம். அதுக்குள்ள நேர்ல போய்க் கேட்டுட்டு வாங்க, சார்.”

“என்னன்னு கேட்க?”

“ஏன் எழுதலைன்னு.”

*

மறுநாள் பத்து மணிக்குப் போனார். பத்தரைக்குத் திரும்பி வந்துவிட்டார்.

“வியாபாரத்துல இருக்காங்க. சரியாப் பேச மாட்டேங்கறாங்க.”

“எங்க நின்னு பேசினீங்க?”

“எதிர்ல ஜெராக்ஸ் கடை வாசல்ல.”

“அங்க வெயில் இருந்ததா?”

சிதம்பரநாதன் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

*

இந்த முறை நேராக அவர்களிடம் போனார். சாலை ஓரத்தில் வரிசையாக ஆறு பெண்கள். முன்னால் ஆறு அலுமினியத் தட்டுகள். மணி பதினொன்று. மரம் இல்லை, சுவர் இல்லை. ஒரே ஒரு பெரிய கறுப்புக் குடை மட்டும் கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. அதன் அடியில் எல்லோருடைய மீனும் இருந்தது. பெண்கள் வெளியே இருந்தார்கள்.

“உக்காருங்கய்யா” என்று ஒரு சாக்கை மடித்துப் போட்டாள் சவேரியம்மாள். அவள்தான் மூத்தவள்.

உட்கார்ந்தார். தார்ச்சாலையின் சூடு சாக்கைத் தாண்டி வந்தது.

படிவத்தை எடுத்து விரித்தார். “இதுல ஏன் ஒண்ணுமே எழுதலை?”

“கோயில் பள்ளிக்கூடத்து டீச்சருதான் அந்த ஒரு வரியை எழுதி, மத்ததைப் படிச்சுச் சொல்லுச்சு. போன வருஷம் நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஒரு கட்டத்துல கேட்டிருக்காமே?”

“ஆமா. குழுவோட பணிகள்.”

சவேரியம்மாள் ஒரு சூடை மீனைப் புரட்டிப் போட்டாள்.

“போன சித்திரையில எங்க கூட இருந்த பாக்கியம் இந்த இடத்துலதான் சுருண்டு விழுந்தா. ஆட்டோ வர்றதுக்குள்ள போயிட்டா. அதை எந்தக் கட்டத்துல எழுத?”

சிதம்பரநாதன் படிவத்தைப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை.

பேனாவை மூடினார். ஆனால் எழுந்து போகவில்லை. அவர்கள் எத்தனை மணிவரை இருப்பார்களோ அத்தனை மணிவரை தானும் இருப்பது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. பன்னிரண்டரைக்கு நாக்கு உலர்ந்தது. ஒரு மணிக்கு எதிர்க்கடையின் பெயர்ப்பலகை இரண்டாகத் தெரிந்தது. பிறகு ஒன்றுமே தெரியவில்லை.

கண் விழித்தபோது தலையில் ஈரச்சாக்கு இருந்தது. யாரோ உதட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு மேலே கறுப்புத் துணி, கம்பிகள்.

குடை.

பஞ்சவர்ணம் என்ற பெண் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு தட்டு மீனும் வெயிலில் கிடந்தது.

“மீனு…” என்றார் சிதம்பரநாதன்.

“பேசாமப் படுங்க” என்றாள் பஞ்சவர்ணம்.

முக்கால் மணி நேரம் அப்படியே நின்றாள். அன்று விற்காமல் போன மீனை அவர்கள் கருவாட்டுக்கு என்று தனியே எடுத்துவைத்தார்கள். யாரும் அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

*

“ஏழு கட்டமும் நிறைஞ்சுதா, சார்?” ஜெசிந்தா கேட்டார்.

“இல்லை, சிஸ்டர்.”

“அப்ப திருப்பி அனுப்பிடலாமா?”

சிதம்பரநாதன் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா அவருக்கு உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

*

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஐந்து பேர். மற்ற உதவித்தொகைகள் முடிவாகி, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதற்கு இரண்டு விண்ணப்பங்கள்.

ஒன்று, பூங்காவில் நீரூற்று அமைக்க ஒரு குடியிருப்போர் சங்கம் கேட்டது. இருபது பக்கம், வண்ணப் படங்களோடு. மற்றது சிதம்பரநாதனின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

குழுவில் மருந்துக்கடை வைத்திருந்த நெல்லையப்பன் நியாயமான மனிதர். மடிப்பு விழுந்த தாளை மேசையில் வைத்து நீவி நீவிப் படித்தார்.

“பாவமாத்தான் இருக்கு. ஆனா கொடுத்தா ஒழுங்காப் பயன்படுத்துவாங்கன்னு என்ன அத்தாட்சி? நாளைக்கு நன்கொடை கொடுத்தவங்க கேட்டா நாம பதில் சொல்லணும்ல?”

சிதம்பரநாதன் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கேள்வியைத் தானே எத்தனை பேரிடம் கேட்டிருப்போம் என்று சிதம்பரநாதனுக்கு நினைவு வந்தது.

“அவங்ககிட்ட ஏற்கெனவே கொஞ்சம் நிழல் இருக்குங்க” என்றார். “ஒரு குடை அளவு. அதை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு நான் பார்த்துட்டு வந்தேன்.”

பிறகு நடந்ததைச் சொன்னார். தான் விழுந்ததை, மீன் வெயிலில் கிடந்ததை, எதையும் கூட்டாமல் சொன்னார்.

நெல்லையப்பன் பேனாவை எடுத்தார். காலியாக இருந்த ஒரு கட்டத்தில் ‘நேரில் கண்டது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்தவரிடம் தள்ளினார்.

*

தகரக் கூரை போடலாம் என்றார்கள் தொண்டர்கள்.

“தகரம் வேண்டாங்க” என்றாள் சவேரியம்மாள். “அது வெயிலைவிடப் பொல்லாதது. கீத்துப் போட்டாப் போதும்.”

பேரூராட்சியில் அனுமதி வாங்க சிதம்பரநாதன் நான்கு முறை நடந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று மனுக் கொடுப்பது அவருக்குப் புதிது. மூன்று முறை குறை எழுதித் திருப்பினார்கள். ஒவ்வொரு முறையும் திருத்தி எடுத்துக்கொண்டு போனார்.

பங்குனி பிறந்ததும் சவுக்குக் கம்பு ஊன்றினார்கள். நெல்லையப்பனும் கடையை மூடிவிட்டு வந்து கயிறு பிடித்தார். இரண்டு நாளில் பந்தல் எழுந்தது.

சித்திரையின் முதல் வாரத்தில் ஜெசிந்தாவும் சிதம்பரநாதனும் பார்க்கப் போனார்கள். மணி பன்னிரண்டு. ஆறு பெண்களும் அடியில் இருந்தார்கள். மீனும் இருந்தது. வெயில் கீற்றின் இடுக்கில் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

சிதம்பரநாதன் நடுவில் உட்கார்ந்து கால் நீட்டினார். கடல் காற்று உள்ளே வந்தது. நெடுநாள் கழித்து அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

“சிஸ்டர்,” என்றார், “இப்பவாவது சொல்லுங்க. கொடுக்கப் பழகிட்டேனா?”

ஜெசிந்தா வாயைத் திறக்கும் முன், தலையில் கீரைக்கூடையோடு ஒரு பெண் சாலையிலிருந்து பந்தலை எட்டிப் பார்த்தாள்.

சவேரியம்மாள் சிதம்பரநாதனின் முழங்காலைத் தட்டினாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்கய்யா.”