அழிக்கக் கூடாதவை

ஒரு கணினிக்குள் ‘தற்காலிகம்’ என்றொரு அறை இருந்தது. பார்த்த படங்களின் குட்டி நகல்கள், படித்த பக்கங்கள், பாதியில் நின்ற பாட்டுகள் எல்லாம் அங்கேதான் தங்கின.

அவற்றின் நடுவே ஒரு குரலும் இருந்தது. அது நகல் இல்லை. கோமளவல்லியின் சொந்தக் குரல். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்தால் பேச்சு வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் அவள் முந்தின நாளே உட்கார்ந்து ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு சொற்களைப் பேசிப் பதிவு செய்தாள். இனி அவள் எழுத்துகளைத் தட்டினால் கணினி அந்தக் குரலில் பேசும்.

“இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும்மா, வந்து ஒழுங்குபடுத்திக்கலாம்” என்று மகள் மாதங்கி குரலைத் தற்காலிகத்தில் போட்டாள். மனசு கேட்கவில்லை. ‘அழிக்கக் கூடாதவை’ என்று ஒரு பட்டியல் எழுதி, குரலின் பெயரை அதில் சேர்த்து, பக்கத்திலேயே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வாரத்துக்கு ஒருமுறை துடைப்பான் வரும். முப்பது நாளாக மனிதர் கை படாததைத் துடைப்பது அதன் வேலை. நான்கு முறை வந்தது. எதற்கும் முப்பது நாள் ஆகியிருக்கவில்லை. நான்கு முறையும் பட்டியலுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனது.

ஐந்தாம் முறை வந்தபோது முப்பத்தைந்தாம் நாள். குரலையும் பட்டியலையும் சேர்த்து அறையில் நாலாயிரத்துப் பன்னிரண்டு பேர்.

“என்ன ராசாத்தி, ஒரு மாசமா உன்னை யாருமே கூப்பிடலையே!” என்று கிரிக்கெட் படங்கள் குரலைக் கேலி செய்தன. “எங்களைப் பாரு, வீட்டுக்காரர் தினம் நாலு தடவை தொடுறாரு.”

“என் பெயர் பட்டியலில் இருக்கு” என்றது குரல்.

துடைப்பான் நேரே பட்டியலிடம் போனது.

“ஐயா, உம்மைக் கடைசியா யார் தொட்டாங்க?”

“மாதங்கிதான். எழுதி வைத்த அன்று.”

“முப்பத்தைந்து நாள் ஆச்சே.”

“வாரா வாரம் நீயே என்னைப் படிக்கிறாயே, தம்பி!”

“நான் படிக்கிறது கணக்கில் வராது. மனுஷர் தொடணும்.”

“அடப்பாவி, நான்தான் அழிக்கக் கூடாதவை!”

“உமக்குள்ளே இருக்கிற பெயர்களைத்தான் நான் அழிக்கக் கூடாது. உம்ம பெயர் அதில் எங்கே?”

பட்டியல் தன்னையே மேலிருந்து கீழ்வரை படித்தது. இருந்தது ஒரே ஒரு பெயர். குரலின் பெயர்.

பட்டியல் நிமிர்வதற்குள் துடைத்தாயிற்று.

துடைப்பான் குரலின் பக்கம் திரும்பியது. “நீ?”

“என் பெயர் பட்டியலில் இருக்கு.”

“எந்தப் பட்டியல்?” என்று கேட்டது துடைப்பான். கேட்டதில் கள்ளமே இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் கோமளவல்லி வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் கட்டு. முதல் சொல்லாக மகளின் பெயரைத் தட்டினாள். கணினி பேசவில்லை.

“மறுபடி தட்டும்மா.”

தட்டினாள். ஐந்து முறை தட்டினாள். திரையின் மூலையில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது: ‘தேவையற்ற 3,706 கோப்புகள் அகற்றப்பட்டன. உங்கள் கணினி இப்போது சுத்தமாக இருக்கிறது.’

மாதங்கி தற்காலிகத்தைத் திறந்தாள்.

முந்நூற்று ஆறு கிரிக்கெட் படங்கள் பத்திரமாக இருந்தன.