ராஜாவின் கழுத்தில் ஊராரின் கால்கள்

கடல் தண்ணீர் இவ்வளவு உப்புக் கரிக்காத காலத்திலே, நெட்டைக்கழுத்தர் என்று ஒரு ராஜா இருந்தார், கண்ணுகளா. நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு வியாதி. பக்கத்தில் யாராவது பொய் சொன்னால் அவருக்குக் கழுத்து சில்லிட்டுத் தும்மல் வந்துவிடும்.

முதல் தும்மலில் கிரீடம் விழும். இரண்டாவது தும்மலில் கோபுரத்துப் புறாக்கள் பறக்கும். மூன்றாவது தும்மலில் அடுத்த ஊரில் கறவை மாடு உதைக்கும். அரண்மனையில் பொய்க்குப் பஞ்சமா? பாவம், நாள் முழுக்கத் தும்மினார்.

"பொய் இழை ஓடாத துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றினால் நிற்கும்" என்றார் வைத்தியர்.

உடனே தண்டோரா போட்டார்கள். அவரவர் தினமும் பார்ப்பதைப் பார்த்தபடி துண்டில் நெய்து வர வேண்டும். அதைப் போட்டு ராஜா தும்மினால், நெய்தவர் தறி அடுப்புக்குப் போகும்.

முதல் நெசவாளி தங்க அன்னம் நெய்து வந்தான். "தினமும் எங்கள் கிணற்றடியில்தான் குளிக்கும், மகாராஜா!" ராஜா துண்டைப் போட்டார். அச்! கிரீடம் உருண்டது.

இரண்டாமவன் இறக்கை வைத்த யானை நெய்து வந்தான். "எங்கள் கூரையில்தான் அடையும், மகாராஜா!" அச்! அச்! புறாக்கள் போயே போய்விட்டன.

இரண்டு தறிகளும் அடுப்பில் எரிந்தன.

மூன்றாவதாக வந்தவள் பூவாயி. அவள் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதே அந்த ஒரு தறிதான். 'முருகா, முருகா' என்று முணுமுணுத்துக்கொண்டே துண்டை விரித்தாள்.

சபையே வாயைப் பொத்தியது. துண்டு நிறையக் கால்கள்! கோழிக்கால், ஆட்டு முட்டி, கொலுசுக் கால், பக்கத்து வீட்டு அங்கம்மாளின் கோணல் சுண்டுவிரல். நடுவில் கரிபிடித்த ஒரு பானையின் அடி. மருந்துக்குக்கூட ஒரு முகம் இல்லை.

மந்திரி குதித்தார். "ஊரார் காலைக் கொண்டுவந்து ராஜா கழுத்தில் போடுகிறாயா? யாரங்கே, இவள் தறியை உடையுங்கள்!"

பூவாயி கும்பிட்டுச் சொன்னாள்: "சாமி, நான் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்கிறவள். தறிச்சட்டம் மேலே மறைத்துவிடும். அதற்குக் கீழே எனக்குத் தெரிவது இவ்வளவுதான். முகம் போட்டிருந்தால் பொய்யாகிவிடுமே. நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்கள்."

ராஜா கிளம்பிவிட்டார். சபை முழுக்கப் பின்னால் போனது. பூவாயி வீட்டுக் குழியில் காலை விட்டவர், இடுப்பு வரை இறங்கி மாட்டிக்கொண்டார். கையைப் பிடித்து இழுத்தார்கள், வரவில்லை. தோளைப் பிடித்து இழுத்தார்கள், வரவில்லை. கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். கழுத்து மட்டும் இன்னும் ஒரு சாண் வந்தது.

"விடுங்கப்பா!" என்று ராஜா எதிரே பார்த்தார். அட, கால்கள்தான்! காவலர்களின் கால்கள். வெறுங்கால்கள். வெடிப்பும் முள்ளுமாக ஒரே ரணம்.

"மந்திரி, பொங்கலுக்கு இவர்களுக்குச் செருப்பு கொடுக்கச் சொன்னேனே?"

மந்திரியின் காலைப் பார்த்தார். செருப்புக்கு மேல் செருப்பு, அதற்கு மேலும் செருப்பு!

"இதென்னய்யா, காலுக்கு மாடி கட்டியிருக்கிறீர்?"

"அது வந்து... காவலர்களேதான் வேண்டாம் வேண்டாம் என்று அழுது, என் காலில் மாட்டிவிட்டார்கள், மகாராஜா."

அவ்வளவுதான். அப்படி ஒரு தும்மல் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ராஜா பொரி மாதிரி குழியிலிருந்து தெறித்து, கூரையைப் பிய்த்துக்கொண்டு அங்கம்மாள் வீட்டு வைக்கோற்போரில் போய் விழுந்தார்.

"யாருடா அது, என் மாட்டுத் தீனியில?" என்று அங்கம்மாள் விளக்குமாற்றோடு ஓடி வந்தாள்.

"நான்தாம்மா, ராஜா. அந்தத் துண்டை முதலில் கொடுக்கச் சொல்லு!"

பூவாயியின் துண்டைச் சுற்றினார். கழுத்து கதகதவென்று ஆனது. தும்மல் போன இடம் தெரியவில்லை.

மந்திரி செருப்புகளைத் தலையில் சுமந்து போய், ஒவ்வொரு காவலர் காலிலும் தன் கையாலேயே மாட்டிவிட்டார். மற்ற இரண்டு நெசவாளிகளுக்கும் ராஜா புதுத் தறி செய்து கொடுத்தார். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டல்லவா? பூவாயி வீட்டுக் கூரையையும் வேய்ந்து கொடுத்தார். சபையில் தமக்கென்று ஒரு குழியும் வெட்டிக்கொண்டார், கொஞ்சம் அகலமாக. வழக்கு என்று யார் வந்தாலும், "முகத்தை அப்புறம் பார்க்கிறேன், முதலில் காலைக் காட்டு" என்பாராம்.

தும்மல் நின்றது துண்டாலா, மந்திரி பக்கத்தில் இல்லாமல் போனதாலா என்று அந்த வைத்தியருக்கே தெரியாது.

ஆகையால் கண்ணுகளா, நம் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சமே ஆனாலும், அதை உள்ளபடி சொல்கிறவரை ஆண்டவன் கைவிடமாட்டான்.