கல்பெட்டியில் ஒரு துளை

பேராயர் ஒருவர் இறந்த பிறகுதான் அவரை எங்கே புதைப்பது என்ற சண்டை தொடங்கும் என்று உலகம் நம்புகிறது. இதைவிடப் பெரிய பிழை கிடையாது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தில், பேராயர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அது தொடங்கிவிடும்.

பேராயர் ஹுன்வால்ட் அன்று வாத்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குன்றின் மேல் அவர் கட்டிய மடத்துக்கு விருந்தாளியாக வந்திருந்தார்.

மடத்தின் தலைவனும் அவருடைய சீடனுமான போத்வின் எதிரே வந்து நின்றான். முகம் வாடியிருந்தது.

“ஆண்டகையே, நகரத்துக் கோயில்காரர்கள் உங்களுக்குக் குழி தோண்டிவிட்டார்களாம்.”

“ஆழமாகவா?”

“விளையாடாதீர்கள். உங்கள் உடல் அங்கே போனால் யாத்திரிகர்களும் அங்கேதான் போவார்கள். நம் மடத்தை யார் எட்டிப் பார்ப்பார்கள்? இழுத்து மூட வேண்டியதுதான்.”

“அதற்கு?”

“நாங்களும் ஒரு கல்பெட்டி குடைந்து வைத்திருக்கிறோம். உங்கள் அளவுக்கு.”

பேராயர் கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். பெட்டிக்குள் இறங்கிப் படுத்தார்.

போத்வினுக்கு நெஞ்சு நிறைந்தது.

“சுகமாகத்தான் இருக்கிறது. முதுகில் காற்றடிக்கிறதே?”

“அடியில் ஒரு துளை இருக்கிறது. பிற்பாடு… நீர் வடிவதற்கு.”

“யாருடைய நீர்?”

போத்வின் பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த கல்தூளை ஊதிவிட்டான்.

“சரி, இப்போது இந்தப் பக்கம் யார் வருகிறார்கள்?” என்று படுத்தபடியே கேட்டார்.

“ஒருவரும் இல்லை. மாட்டு வியாபாரிகளுக்கு இது குறுக்கு வழி. அவர்கள்கூட ஆற்றோரமாகச் சுற்றிப் போகிறார்கள்.”

“ஏனாம்?”

“குன்றில் மாட்டுக்குத் தண்ணீர் ஏது? கிணறு நம் மதிலுக்குள் இருக்கிறது.”

பேராயர் எழுந்து உட்கார்ந்தார். ஒரு மெழுகுவர்த்தியை வாங்கி உள்ளங்கையில் பிசைந்தார். துளையை நன்றாக அடைத்தார்.

“வாசலுக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் நிரப்புங்கள்.”

“அப்புறம் உங்களுக்கு?”

“எனக்குத்தான் நகரத்தில் தோண்டியிருக்கிறார்களே, அப்பா. அவர்கள் உழைப்பு வீணாகக் கூடாது.”

அறுவடை முடிவதற்குள் மாட்டு மந்தைகள் குன்றுப் பாதைக்குத் திரும்பிவிட்டன. வாசலில் சாணம் அள்ளுவதற்கு முறை வைத்தார்கள். முதல் முறை போத்வினுக்கு வந்தது.