தொம்மை ரேடியோ ஆன கதை

உப்படித்துறையில் சவரியான், மிக்கேல், தொம்மைன்னு மூணு மச்சான்மார் இருந்தாங்க. மூணு பேருக்கும் சேர்த்து வள்ளம் ஒண்ணு. மூளையும் ஒண்ணு இருந்திருந்தா இந்தக் கதைக்கே வேலை இல்லை.

அந்த வள்ளம் போச்சுன்னா மூணு வீட்டிலும் உலை கொதிக்காது. அதனால, புயல் சேதி சொல்ற டிஜிட்டல் ரேடியோ ஒண்ணு தாங்கன்னு, டவுனிலிருந்து வந்த இன்ஜினியர் பொற்கொடி அம்மாகிட்ட கேட்டாங்க.

"தர்றேன். முதல்ல, ரேடியோ இல்லாமலே, இருக்கிற மாதிரி வச்சுக்கிட்டு ஒரு சோதனை செய்யணும்"ன்னு சொன்னாங்க அந்தம்மா. "டவர் ஒண்ணு, சைபர்னு நூறு தடவை அனுப்பும். நடுவுல இரைச்சலைக் கலப்போம். ஒண்ணையும் சைபரையும் மட்டும் ரேடியோ எடுத்துக்கிட்டு, மத்ததைத் தள்ளிடணும். எத்தனை தப்பு வருதுன்னு எண்ணணும். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல நானே செஞ்சிடுவேன்."

அவங்க போனதும் சவரியானுக்கு மனசு தாங்கலை.

"பாவம்வே, ஒத்தப் பொம்பள. டவரு, இரைச்சல், ரேடியோ மூணையும் தனியா எப்படிச் செய்யும்? நாம மூணு பேரு இருக்கோம்லா!"

மறுநாள் காலையில் சவரியான் பனைமரத்தில் ஏறி டவர் ஆனான். மிக்கேல் தகர டப்பாவும் கம்பும் எடுத்து இரைச்சல் ஆனான். தொம்மை ஐஸ் பெட்டிக்குள்ள உட்கார்ந்து, இடுப்பில் ரெண்டு டார்ச் பேட்டரியைச் சொருகிக்கிட்டான்.

"ஏரியல் இல்லாம ரேடியோ எப்படிவே எடுக்கும்?"ன்னான் தொம்மை.

நியாயமான கேள்விதான். மிக்கேல் சுத்திமுத்திப் பார்த்தான். வள்ளத்தைக் கட்டியிருந்த கயிறு நல்ல நீளமா இருந்துச்சு. அதை அவிழ்த்துட்டு வந்து தொம்மை தலையில் கட்டினான்.

"ஒண்ணு! சைபர்! சைபர்!"

தொம்மை பெட்டிக்குள்ள கரியால் கோடு போட்டான். தொண்ணூத்தி மூணு வரை ஒரு பிசகும் இல்லை. அப்போதான் மரத்துமேல இருந்து அலறல்.

"ஏலே! வள்ளம் போவுதுலே! ஓடிப் பிடிங்கலே!"

"என்னவே கத்துதான்?"ன்னான் மிக்கேல்.

"ஒண்ணும் இல்ல, சைபரும் இல்ல. தள்ளியாச்சு"ன்னான் தொம்மை.

மிக்கேலுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "இரைச்சல் என் வேலை. அவன் எதுக்குவே செய்யுதான்?"ன்னு இன்னும் ஓங்கி அடிச்சான். சவரியானும் இறங்கி ஓடலை. டவர் எங்கயாவது ஓடுமா? மிச்சம் ஏழையும் அனுப்பிட்டுத்தான் இறங்கினான்.

பொற்கொடி அம்மா வந்தப்போ மூணு பேரும் தேம்பித் தேம்பி அழுதாங்க.

"வள்ளம் போயிட்டும்மா. ஆனா நூத்துல ஒரு தப்புகூட இல்ல!"

அந்தம்மா தலையில் அடிச்சுக்கிட்டு, பக்கத்துத் துறைக்காரங்களோட தேடப் போனாங்க. சாயங்காலம் வள்ளத்தை இழுத்துட்டுத் திரும்பினா, மூணு பேரும் மணலில் வள்ளம் மாதிரி கோடு போட்டு, அதுக்குள்ள வரிசையா உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கிட்டு இருக்காங்க.

"வள்ளம் கிடைச்சிருச்சு! எந்திரிச்சு வாங்க!"

"ஐயோ, அங்கேயே நில்லுங்கம்மா, ஆழம்!"னு கத்தினான் சவரியான். "கயிறு தொம்மை தலையில மாட்டிக்கிட்டு அவிழ மாட்டேங்குது. கட்டாத வள்ளம், மத்தியானத்துல இருந்து மிதந்துக்கிட்டே போறோம். நீங்க கொண்டுவந்த வள்ளத்தை அனுப்பி எங்களைக் கரை சேருங்கம்மா!"