விளக்குக் கயிறும் மூன்று பிரபுக்களும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்டுக் குடையாதீர்கள். ஜோசியர் சொன்னாரென்று சிம்மாசனத்தைக் கிழக்குத் தூண் பக்கமாக நகர்த்தினார். உடனே, பெரிய வெண்கல விளக்கும் அதற்கு நேர் மேலே தொங்க வேண்டும் என்றார். கிழக்குத் தூணிலிருந்து ஒரு குட்டைக் கயிறு, மேற்குத் தூணிலிருந்து ஒரு நெட்டைக் கயிறு என்று ஏற்பாடாயிற்று.

"எது எம்புட்டுக் கனம் தாங்கணும் சாமி?" என்று கேட்டான் கயிறு திரிக்கும் மாசாணம்.

விகடகவி வெண்காடனுக்கு வாய் சும்மா இருக்குமா? "கயிறு ரெண்டு, ஆளுக்குப் பாதி! இதுக்கொரு கேள்வியா?" என்றான். சபை கொல்லென்று சிரித்தது. மாசாணமும் அப்படியே திரித்துக் கொடுத்தான்.

மறுநாளே குட்டைக் கயிறு அறுந்து, விளக்கு காலிச் சிம்மாசனத்தில் விழுந்தது. மாசாணத்தைச் சிறையில் தள்ளினார்கள். வெண்காடனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாய்க்கொழுப்புக்கு அந்த அப்பாவி கம்பி எண்ணுகிறானே என்று கூனிக் குறுகிப் போனான். நேரே சபைக்குப் போய், "மன்னா, குற்றம் அடியேனுடையது" என்றான்.

வெண்காடனை மட்டம் தட்டக் கணக்காயர் அனந்தபத்மர் இதற்குத்தானே காத்திருந்தார்! "அப்படியானால் எந்தக் கயிறு எவ்வளவு தாங்குகிறது என்று இவரே சொல்லட்டும். தவறினால் இருவருக்கும் சிறை!"

"ஏட்டுக் கணக்கு எமக்கு விளங்காது. கண்ணால் காணும்படி காட்டு" என்றார் ராஜா.

வெண்காடனுக்குக் கணக்கு சுத்தமாக வராது. அந்த வெட்கம் வேறு. தூண்களில் கப்பி மாட்டி, முரட்டுக் கயிறுகளை அவற்றின் மேல் போட்டு, ஒரு நுனியை விளக்கில் முடிந்து, மறு நுனிகளில் கூடை கட்டினான். "பிரபுக்களே, ஏறி அமருங்கள்!"

சபைப் பிரபுக்களை மாற்றி மாற்றி ஏற்றியும் இறக்கியும் பார்த்தான். கிழக்குக் கூடையில் கணக்காயரும் புரோகிதரும், மேற்கில் ஒல்லிப் புலவர் மட்டும் என்றானபோது, விளக்கு சிம்மாசனத்துக்கு நேர் மேலே அசையாமல் நின்றது.

"குட்டைக் கயிறு தாங்குவது இவ்விருவரை, நெட்டைக் கயிறு தாங்குவது இவரை, மன்னா."

"பொய்! எங்கள் மூவர் எடை விளக்கைவிட அதிகம்!" என்று கூடையிலிருந்து கத்தினார் கணக்காயர்.

"கயிறுகள் விளக்கைத் தூக்குவதோடு விடுவதில்லை ஐயா. ஒன்றையொன்று பக்கவாட்டிலும் இழுக்கின்றன. இந்தச் சபையில் தாங்கள் அறியாத வேலையா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மாசாணத்தை விடுவித்து, வெண்காடன் கழுத்தில் முத்துமாலை போட்டார். வெண்காடன் அதைக் கழற்றி மாசாணத்திடம் நீட்டினான். அவன் வாங்கவில்லை.

"அன்னைக்கே இப்படிப் பாத்துச் சொல்லியிருக்கலாமே, சாமி" என்றான்.

அதற்கும் சபை சிரித்தது. வெண்காடன் மட்டும் தலை நிமிரவில்லை.